கரும்பலகையில் நாலு கோடு

அந்த ஆபீசரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் அதை மறைக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. கோயமுத்தூரில் அவிநாசி ரோட்டு மில் ஒன்றில், சாமான் வாங்கும் செக்ஷனில் இருந்தேன். படிப்பு ஐந்தாவது வரை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் ப்ளோ ரூமில் இருந்தேன். பஞ்சுப் பொதியை உடைத்து மிஷினில் போடும் இடம். தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. மறுபடி அங்கே போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பழைய மேனேஜர் அதைப் பார்த்துத்தான் என்னை வாங்கும் வேலைக்கு மாற்றினார்.

டவுனில் சில்லறை மிஷின் சாமானும் வாங்குவேன், ஆனால் ரோலர் தோல்தான் என் முக்கிய வேலை. நூற்கும் மிஷினில் இழையை இழுக்கும் ரோலருக்கு ஆட்டுத்தோலில் உறை போடுவார்கள். தோல் ஒரே சீராக இல்லாவிட்டால் இழை அறும். ஈரோட்டுத் தோல் மண்டிக்குப் போவேன். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். உண்ணி கடித்த இடம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விடும். கழுத்திலிருந்து வால் வரை விரலால் அழுத்துவேன். வயிற்றுப் பக்கம் தளர்ந்திருந்தால் தள்ளிவிடுவேன். போய் வர இரண்டு நாள் ஆகும்.

ரோலருக்கு உறை போடும் மேஸ்திரி கட்டைப் பிரித்துப் பார்க்க மாட்டார். நான் கொடுத்தால் சரி. தோளில் வைத்துக்கொண்டு "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஆபீசர் மெட்ராஸிலிருந்து வந்தார். வாங்குகிறவர்கள் மந்தமாக இருக்கிறோம், வேகம் கூட வேண்டும் என்றார். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினார். செக்ஷனில் நாங்கள் இரண்டே பேர். ஆளுக்கு ஒரு வரி. சாமான் கேட்டு வரும் சீட்டு ஒன்றை முடித்தால் ஒரு கோடு. சாமான் திரும்பிப் போனால் கோட்டை அழிக்க வேண்டும். மாசக் கடைசியில் அறுபது கோட்டுக்குக் குறைந்தால் ப்ளோ ரூம்.

இன்னொருவர் விளக்குமாறு, ஆணி, சாக்கு வாங்குகிறவர். டவுனுக்கு ஒரு தடவை சைக்கிள் மிதித்தால் பத்துக் கோடு விழும். ஓரங்குல ஆணிக்கு ஒரு சீட்டு, ஈரங்குலத்துக்கு ஒரு சீட்டு என்று பிரித்து எழுதினார். நான் ஈரோடு போய் வந்தால் ஒரு கோடு.

"ஏனுங்க, இன்னும் ஆட்டைத்தான் தேடிட்டிருக்கீங்களா?" என்று அவர் கேட்பார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆபீசருக்கு அந்த மரியாதையும் கிடையாது. என்னைவிடப் பத்து வயசு சின்னவர், நீ என்றுதான் கூப்பிடுவார். ஈரோட்டுக்கு இனி யாரும் போகக் கூடாது, லெட்டர் போட்டு சாம்பிள் வாங்கி ஆர்டர் கொடுத்தால் போதும் என்றார்.

"சாம்பிள்ல தோலைப் பாக்க முடியாதுங்க. ஒரு ஆடு மாதிரி இன்னொண்ணு இருக்காதுங்க."

"ப்ளோ ரூம்ல ஆடே கெடையாது. அங்க போறியா?"

லெட்டர் போட்டேன். சாம்பிள் நாலு தோல் வந்தது. நல்ல தோல். இருநூறு தோலுக்கான ஒரு சீட்டை ஐம்பது ஐம்பதாக நாலு சீட்டாக்கினேன். அதையும் ஆணிக்காரரிடம்தான் கற்றேன்.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நாலு கட்டும் வந்தன. வந்ததும் பலகையில் நாலு கோடு போட்டார்கள். என் வரியில் அறுபத்திரண்டு. மில் வாசலில் கட்டைப் பிரித்தேன். மேலே பத்துத் தோல் சாம்பிள் போலவே இருந்தது. அடியில் எல்லாம் உண்ணி கடித்தது, வயிறு தளர்ந்தது. நாலு கட்டும் அப்படியே. திருப்பி அனுப்பினால் நாலு கோடும் போகும். மிச்சம் ஐம்பத்தெட்டு.

மறுபடி கட்டி உள்ளே விட்டேன்.

பத்து நாளில் நூற்கும் பக்கம் இழை அறுந்தபடி இருந்தது. மிஷின்களை நிறுத்தினார்கள். மேஸ்திரிக்குப் பசை காய்ச்சத் தெரியவில்லை, ஒட்டியதில்தான் கோளாறு என்று ஆபீசர் எழுதினார். மேஸ்திரியை வேலையைவிட்டு அனுப்புவதாகப் பேச்சு. மேஸ்திரி ஒரு ரோலரோடு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

"இந்தத் தோலை நீங்க பாத்து வாங்குனீங்களா?"

"இல்லீங்க."

"வந்தப்பறமாச்சும் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

அவர் ரோலரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் ஆபீசர் கூப்பிட்டார். மேனேஜருக்குக் கொடுக்க ஒரு காகிதம் டைப் அடித்து வைத்திருந்தார். தோலை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கியது, குறை எதுவும் இல்லை என்று இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் மேஸ்திரி வெளியே. போடாவிட்டால் எனக்கு ப்ளோ ரூம். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பேனாவை வாங்கி அடியில் என் கையால் எழுதினேன். பார்க்காமல் வாங்கினேன். வாசலில் பார்த்தேன். முக்கால்வாசி கெட்டது. தெரிந்தே உள்ளே விட்டேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். "நீ எங்க போறேன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க."

அடுத்த நாள் காலையில் ப்ளோ ரூமில் நின்றேன். பலகையில் என் வரியை ஈரத்துணியால் துடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மேனேஜர் அந்தக் காகிதத்தைப் படித்தார். மேஸ்திரி தப்பினார். இனி தோலை அவரே ஈரோடு போய்ப் பார்த்து வாங்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்குப் பலகையில் வரி கிடையாது. கிளம்பும் முன் ப்ளோ ரூம் வாசலுக்கு வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"என்னென்ன பாக்கோணுமுங்க?"

வெயிலில் பிடிப்பது, விரலால் அழுத்துவது, வயிற்றுப் பக்கம், எல்லாம் சொன்னேன். "மேல இருக்கறத நம்பாதீங்க. அடியில இருந்து உருவிப் பாருங்க" என்றேன்.

"அது தெரியுங்க. அதைத்தான் நீங்க கத்துக் குடுத்துட்டீங்களே."

திரும்பி நடந்தார். வாரேனுங்க என்று சொல்லவில்லை. நான் அந்த மில்லில் இருந்த வரை அவர் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

துண்டை மூக்கோடு இறுக்கிக் கட்டினேன். அடுத்த பொதியை உடைத்தேன்.