மூலையில் ‘டன்’ வந்த பிறகும்

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், மருந்துக் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்றது ‘கிரேஸ் பிரவுசிங் சென்டர்’. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும் என்பது கடைக்காரி ஜெயசீலியின் நம்பிக்கை.

ஜெயசீலிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், “நேரம் கிடைக்கல” என்று சிரித்து மழுப்புவாள். தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது அவள் தலையில் நரை எட்டிப் பார்த்திருந்தது. டைப்பிஸ்டாக வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியும் மூடிவிட்டது. கம்பெனி கழித்துப் போட்ட நாலு கம்ப்யூட்டர்களை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வராத குறையாகக் கொண்டு வந்து கடை போட்டாள். எல்லாம் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. அவைதான் அவளுக்குப் பிள்ளைகள். மாலையில் கடையைச் சாத்தும்போது ஒவ்வொன்றுக்கும் துணி உறை போட்டு மூடுவாள், குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி.

இரண்டாயிரத்து எட்டில் எதிர்வரிசையில் ஒரு புதுக்கடை வந்தது. ஏசி, தட்டையான திரை, ஆளுக்கொரு மரத்தடுப்பு. பையன்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். ஜெயசீலிக்கு மிஞ்சியவர்கள் வயசானவர்களும், தடுப்புக்குள் போய் உட்காரக் கூச்சப்பட்ட பெண்களும்தான்.

அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. இணைப்பு மெதுவானது. பக்கம் வருவதற்குள் பொறுமையில்லாமல் மவுஸைத் தட்டினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். அதனால் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிடுவாள். “நீல ‘இ’யைத் தட்டுங்க. கீழே இடது மூலையைப் பாருங்க. ‘டன்’னு எழுத்து வரட்டும். வந்துட்டா பக்கம் முழுசா வந்தாச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.”

அந்தச் சட்டம் ஒரு குடும்பத்தை உடைக்கப் பார்க்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் இரண்டு பேர் வருவார்கள். மாமியார் நூர் பீவி, மருமகள் ஷபீனா. ஷபீனாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. அவள் கணவன் இர்ஃபானும் அப்படித்தான். ஒரே பள்ளியில் படித்து, கையாலேயே பேசிப் பழகி, கையாலேயே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். வீட்டில் இருந்த போனால் அவர்களுக்கு என்ன பயன்? முன்பெல்லாம் அவனுக்காகப் போனில் பேசிய அறைத் தோழனும் ஊர் திரும்பிவிட்டான். மிச்சம் இருந்தது மெயில் ஒன்றுதான். அவன் ஜும்மா முடிந்து அங்கே ஒரு நெட் கடையில் உட்காருவான். இவள் இங்கே உட்காருவாள்.

ஷபீனா முதலில் தானே படிப்பாள். பிறகு ஜெயசீலி நூர் பீவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள், சில வரிகளைத் தாண்டி.

“இன்னா ஜெயா, நடுவுல முழுங்குறே?” என்று நூர் பீவி கண்டுபிடித்துவிடுவாள்.

“அது உங்களுக்கு எழுதினது இல்லம்மா.”

“பெத்தவ நானு. எனக்குத் தெரியாததா? சரி, சரி, முழுங்கு.”

படித்ததும் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மெயிலை அழித்துவிட்டுத்தான் ஷபீனா எழுந்திருப்பாள். ஊரார் வந்து உட்காரும் இடத்தில் கணவனின் வார்த்தைகளை விட்டுப் போக அவளுக்கு மனசு வராது. அதனால் அவளுடைய மெயில் பெட்டி எப்போதும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஷபீனா உட்கார்ந்தாள். மெயில் கம்பெனியின் பெயர் மேலே வந்தது. அதற்குக் கீழே வெள்ளை. வெறும் வெள்ளை. மூலையில் ‘டன்’ என்று எழுத்து வந்தது.

ஷபீனா திரும்பி ஜெயசீலியைப் பார்த்தாள். ஜெயசீலி குனிந்து மூலையைப் பார்த்தாள். “முழுசா வந்துடுச்சும்மா. ஒண்ணும் இல்ல. இந்த வாரம் எழுதலை போல” என்று உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்துச் சொன்னாள். மெயில் எழுதும் பெட்டியும் திறக்கவில்லை. மெஷின் அசதியாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த வாரமும் வெள்ளை. அதற்கடுத்த வாரமும் வெள்ளை. ஒவ்வொரு முறையும் அந்த மூலையைக் காட்டி, ஒரு நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போல, “வரலை” என்றாள் ஜெயசீலி.

“எதிர்க்கடையில ஒருதடவை பார்த்துடலாமே?” என்று அவள் கேட்கவும் செய்தாள். நூர் பீவிக்கு ரோஷம் பொங்கியது. “அந்த மரப் பொட்டிக்குள்ள என் மருமவ கால வெக்க மாட்டா. அவன் எழுதியிருந்தா இங்கயே வந்திருக்காதா? நீதான் முழுசா வந்துட்ச்சுன்றியே!”

ஷபீனா அழவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஓயாமல் பேசும் அந்தக் கைகள் அப்படிச் செத்தாற்போல் கிடந்ததை ஜெயசீலியால் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு அந்தப் பெண் வரவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, ஷபீனாவைத் தவிர அங்கே மெயில் பார்க்க வரும் ஒரே ஆளான ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் வந்தார். பெங்களூரில் மகள் வீட்டில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர். உட்கார்ந்த சற்று நேரத்தில் கத்தினார்.

“என்னம்மா இது அநியாயம்! என் மெயிலெல்லாம் எங்கே போச்சு?”

“புதுசா ஒண்ணும் வரலை சார். டன் வந்துடுச்சு பாருங்க.”

“புதுசை விடும்மா. பழசு எங்கே? பேத்தியோட போட்டோ, அவ நடந்தது, விழுந்தது, அத்தனையும் இதில் வச்சிருந்தேனே! காக்கா தூக்கிண்டு போயிடுத்தா?”

விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போனார். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் திரும்பி வந்தார். முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ இருந்தது.

“அங்கே எல்லாம் இருக்கும்மா. ஒண்ணுகூடத் தொலையலை. உன் மெஷின்தான் இல்லாத வெள்ளையைக் காட்டறது.”

ஜெயசீலி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டவரே! அப்படியானால் ஷபீனாவின் வெள்ளை?

அதே நேரம் பக்கத்து டெய்லர் கடை சரசு ஊசியைப் பல்லில் கடித்தபடி எட்டிப் பார்த்தாள். “ஜெயாக்கா, உன் வெள்ளிக்கிழமைப் பொண்ணு இல்ல? அத்தோட அண்ணன் நாளைக்கு வந்து வாணியம்பாடிக்கு இட்டுனு போறானாம். புருஷன் கைவுட்டானாமே? பாவம், வாயில்லாத பொண்ணு.”

ஜெயசீலி கடையைச் சாத்தினாள். பகலில் அவள் கடையைச் சாத்தியதை யாரும் பார்த்ததில்லை. நேரே குரோம்பேட்டைக்கு பஸ் பிடித்தாள். ஜிஎஸ்டி ரோட்டில் கம்ப்யூட்டர் பொருத்தித் தரும் முதாசிர் அவளுக்குப் பழக்கம்.

கேட்டுவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “இன்னாக்கா, இன்னும் அத்தையே வெச்சிக்கினு கீறியா? அது கம்ப்யூட்டர் இல்லக்கா, மியூசியம். டிக்கெட் போட்டு வசூல் பண்ணு!”

“முதாசிர், ஒரு பொண்ணோட வாழ்க்கை போகுது. சிரிக்காதே.”

அவன் சிரிப்பு நின்றது. “மெயில்காரன் பக்கத்தை புச்சா மாத்திக்கீறான்க்கா. உன் பழைய ‘இ’க்கு அது புரியல. புரிஞ்ச வரைக்கும் காட்டிட்டு, முடிஞ்ச்சின்னு கைய தட்டிக்கினு போய்டுது.” மேஜையடியில் துழாவி ஒரு சிடியை எடுத்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. “இதுல ஓப்பரான்னு வேற பிரவுசர் ஒண்ணு கீது. சின்னது. உன் கிழட்டு மெஷினுக்குத் தாங்கும். சிவப்பு ‘ஓ’ படம் வரும், அத்த தட்டு. வரலன்னா என்ன திட்டு.”

“நம்ம மெஷினைக் கழிக்க வேண்டாமா?”

“ஜன்னல மாத்துனா வெளிச்சம் வரும். வூட்ட ஏன் இடிக்கணும்?”

அன்று மாலை, சிடி உள்ளே கரகரவென்று சுற்றியபோது ஜெயசீலியின் உதடுகள் ஜெபம் செய்தன. திரையில் சிவப்பு ‘ஓ’ வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டனுப்பியதும் ஸ்ரீநிவாசராகவன் ஓடி வந்து பாஸ்வேர்டைப் போட்டார். வெள்ளை இல்லை. வரி வரியாக மெயில்கள். அதில் ஒன்றைத் திறக்க, இரண்டு பல் தெரியச் சிரித்தது ஒரு குழந்தை.

“வந்துட்டாடி என் தங்கம்!” என்றார் அவர். ஜெயசீலிக்குத் திரை கலங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் நூர் பீவி வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே பை கட்டி வைத்திருந்தது. ஷபீனாவின் அண்ணன் அத்தாவுல்லா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“இப்ப எதுக்கு வந்தே?” என்றாள் நூர் பீவி. “நான் பெத்தது கல்லா கீதே, அத்த வேடிக்க பாக்கவா?”

“அம்மா, தப்பு இர்ஃபான் மேல இல்ல. என் மேல. என் மெஷின் பொய் சொல்லுச்சு. நான் அதை நம்பி உங்களுக்குச் சொன்னேன்.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று எழுந்தான் அத்தாவுல்லா. “மூணு வாரமா என் தங்கச்சி சோறு திங்கலைங்க. மெஷின், கிஷின்னு இன்னும் ஏன் ஆசை காட்டுறீங்க?”

ஜெயசீலி ஷபீனாவின் முன்னால் போய் நின்றாள். அவளுக்குத் தெரிந்த சைகைகள் கொஞ்சம்தான். தன் நெஞ்சில் குத்திக் காட்டினாள். கண்ணைப் பொத்திக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள்.

ஷபீனா அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பையை எடுக்காமல் புர்காவை மட்டும் எடுத்து மாட்டினாள்.

கடையில் நாலு பேரும் ஒரே திரையைச் சுற்றி நின்றார்கள். ஷபீனா பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாம் முறை பக்கம் மெல்ல இறங்கியது. பழக்கதோஷத்தில் ஜெயசீலி மூலையைப் பார்த்தாள். இந்தப் புது ஜன்னலில் ‘டன்’ வரவே இல்லை. நம்பிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இர்ஃபான். இர்ஃபான். இர்ஃபான். வரிசையாக அவன் பெயர்.

நூர் பீவி எழுத்து தெரியாதவள். ஆனால் மருமகளின் தோள் குலுங்கியதில் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். “யா அல்லா! எழுதிக்கீறானா? ஜெயா, படி. முழுங்காம படி!”

ஜெயசீலி கடைசி மெயிலைப் படித்தாள். “‘ஏன் பதில் இல்ல? நான் என்ன தப்பு பண்ணேன்? கம்பெனி இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்குது. ஊருக்கு வரணும்னுதான் தள்ளிப் போட்டுட்டு இருந்தேன். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். நீ எழுதலைன்னா போட்டுடுவேன். அங்க எனக்காக யாரு இருக்கா?’”

“இன்னிக்குத்தானே வெள்ளிக்கிழம?” என்றான் அத்தாவுல்லா. அவன் குரல் மாறியிருந்தது.

ஷபீனா அடிக்க ஆரம்பித்துவிட்டாள். எழுத்துப் பிழையைத் திருத்தவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. செத்துக் கிடந்த கைகளுக்கு உயிர் வந்து அவை ஓடின. அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். சரசுவின் தையல் மெஷினும் நின்றுபோயிருந்தது; அவள் வாசலில் நின்றாள். பக்கத்தைப் புதுப்பித்தாள் ஷபீனா. இல்லை. மறுபடி. இல்லை. அவன் இன்று நெட் கடைக்கு வராமலே போய்விட்டானா? பேனா ஏற்கெனவே காகிதத்தில் இறங்கிவிட்டதா?

மறுபடி.

மேலே புதிதாக ஒரு வரி தடித்த எழுத்தில் வந்து நின்றது. ஷபீனா திறந்தாள். ‘கையெழுத்துப் போடல. வர்றேன். ஆனா ஏன் இவ்ளோ நாள் பேசல?’

நூர் பீவி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தாவுல்லா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். ஷபீனா ஜெயசீலியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் பல நாளாகக் காணாத ஒரு குறும்பு. திரும்பி அடித்தாள்: ‘ஜெயா அக்கா கம்ப்யூட்டருக்குக் காது கேக்கல. நேத்துதான் காது மெஷின் வாங்கி மாட்டினாங்க.’

ஜெயசீலி அழுதுகொண்டே சிரித்தாள்.

“இன்னாடி எழுதிக்கினு கீறா? எனக்கும் சொல்லுங்கடி!” என்று நூர் பீவி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

எல்லா மெயிலையும் பிரிண்ட் எடுத்தார்கள். ஷபீனா வழக்கம்போல் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். ஜெயசீலி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். ‘ஒண்ணே ஒண்ணை விட்டு வை. இனிமே பெட்டி வெள்ளையா வந்தா, அவன் எழுதலைன்னு நினைக்க மாட்ட. மெஷின் பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுப்ப. எனக்கும் தெரியும்.’

ஷபீனா யோசித்தாள். அங்கே நீளநீளமாக, கொஞ்சலும் கெஞ்சலுமாக எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் அழித்தாள். ‘கையெழுத்துப் போடல. வர்றேன்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு எழுந்தாள்.