விண்ணப்பத்துக்கு வைத்த கறுத்தப் பொட்டு

என் மகள் கெட்டிக்காரி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நாவூறு படும். பனிக்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பு பாலங்களை எப்படித் தின்கிறது என்று ஆராய்ந்து, அதைத் தடுக்க ஒரு பூச்சும் கண்டுபிடித்தவள் அவள். கனடாவில் எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தில் யாராவது விசாரித்தால், ஏதோ உப்பைப் பற்றிப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் நழுவிவிடுவேன்.

அமெரிக்காவில் ஓர் ஆய்வுகூடம் அவளை அழைத்தது. அங்கே குடியேற வேண்டுமென்றால், தனக்கு அசாதாரணத் திறமை இருப்பதாக அவள் அந்த அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டுமாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு இது புதிதாக இருந்தது. நான் அகதியாகக் கனடாவுக்கு வந்தபோது, எனக்குப் பயம் இருக்கிறது என்றுதான் நிரூபிக்கச் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஏழு பேராசிரியர்கள் அவளுக்காகக் கடிதம் எழுதினார்கள். ஐந்து பேர் அவளை நேரில் கண்டதேயில்லை. தெரியாதவர் புகழ்ந்தால்தான் மதிப்பு அதிகமாம். மகள் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல, போதும் பிள்ளை என்றேன். ஏழு படித்த வாய்கள் ஒரே பிள்ளையைப் புகழ்ந்தால் பிள்ளை தாங்குமா?

அனுப்புவதற்கு முதல்நாள் பின்னேரம், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, விண்ணப்பத் தாள்கட்டின் முதல் பக்க மூலையில் கண்மையால் கறுத்தப் பொட்டு ஒன்று வைத்தேன். பிறகு தாள்கள் கலையாதிருக்க அரிசி டின்னைத் தூக்கி மேலே வைத்தேன். பக்கத்தில் ஹீட்டர் இருந்ததை யோசிக்கவில்லை. விடிந்து பார்த்தால் மையெண்ணெய் பதினொரு பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

"அம்மா, உது என்ன?"

"பொட்டு."

"கவர்மென்ட் ஃபோர்முக்கா?"

"உனக்குத்தான் பிள்ளை. நெத்தியிலை வைக்க நீ விடமாட்டாய்தானே."

அவள் சட்டத்தரணியை அழைத்தாள். சூனியம் என்று எங்கள்மேல் வழக்குப் போடுவார்களோ என்று பயந்தபடி நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கங்களைத் திரும்ப அச்சடிக்கலாம் என்றார் அவர். ஆனால் அவற்றுக்குள் இருந்த அவளுடைய சொந்த வாக்குமூலத்தை மாற்றியே ஆக வேண்டுமாம். ஏழு பேரும் அவள்தான் கண்டுபிடித்தாள் என்கிறார்கள். அவளோ, எங்கள் குழு செய்தது, நான் கொஞ்சம் உதவினேன் என்று எழுதியிருக்கிறாள். அதிகாரி அவளைத்தான் நம்புவார், விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார் என்றார். கூரியர்காரன் பின்னேரம் வருவான்.

அவள் மடிக்கணினி முன்னால் இருந்து ஒரு வரி எழுதுவாள், அழிப்பாள்.

"ஷோ ஓஃப் பண்ற மாதிரி இருக்கம்மா. வருகுதில்லை."

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் அவளைப் புகழ்ந்தபோதெல்லாம், வீட்டில் சரியான சோம்பேறி என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னவள் நான். பக்கத்தில் போய் இருந்தேன்.

"அந்தப் பூச்சைக் கண்டுபிடிச்சது ஆர்?"

"எங்கடை லாப்பிலை எல்லாரும்..."

"ஆர் பிள்ளை?"

"நான்தான்."

"அப்ப அதை எழுது. உன்னைப்போல ஒருத்தரும் இல்லை."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு வேகமாகத் தட்டத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கு ஒரேயொரு நேர்கோடுதான். அது ஒரு பக்கத்தில் பதினான்கு இடங்களில் எழுந்து நின்றது. கூரியர்காரன் மணி அடிக்கும்வரை எண்ணி எண்ணிப் பயந்தேன். ஆனால் ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை.