எனக்கு இல்லாத சுகர்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இருக்கிறது என்பார்கள். என் மனைவி அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

போன வருஷம் மூன்று மாதம் நான் தறியில் உட்காரவில்லை. கை கால் நன்றாகத்தான் இருந்தது. எழுந்து பல் தேய்க்கப் போகவே அரை நாள் ஆனது. கேட்டவர்களிடம் "பேஜாரா கீது" என்றேன். கரண்டு போனாலும் பஸ் லேட்டானாலும் எங்கள் ஊரில் அதே வார்த்தைதான். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் மனைவிதான் வேலூருக்குக் கூட்டிப் போனாள். இதற்குப் பெயர் மனச்சோர்வு, இதுவும் வியாதிதான், மாத்திரை உண்டு, குணமாக நாளாகும் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸிலேயே மனைவி முடிவு பண்ணிவிட்டாள்.

"சுகர்னு சொல்லிடலாங்க. மனசு மாத்திரைன்னா பைத்தியம்னுடுவாங்க. நாளைக்கு பொண்ணுக்கு மாப்ள பாக்க வாணாமா?"

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. சரி என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது ரோதனை. பக்கத்து வீட்டு அக்கா தினமும் பாகற்காய் ஜூஸோடு வந்து நின்றுவிடுவாள். குடித்து முடிக்கும்வரை நகர மாட்டாள். ஒரு கல்யாணப் பந்தியில் என் இலைக்கு வந்த ஜாங்கிரியைப் பக்கத்தில் இருந்தவர் கைநீட்டித் தடுத்தார். "அவருக்கு வெக்காதீங்க, சுகரு." இல்லாத வியாதிக்கு ஊரே அக்கறை காட்டியது. இருக்கிற வியாதியை நான் தனியாகச் சுமந்தேன். எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது.

இந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி வேலைக்குப் போவதை நிறுத்தினான். சேவூரில் பவர்லூம் ஓட்டுகிறவன். சோம்பேறி என்றாள் மாமியார். கண்ணு பட்டிருக்கும் என்றார் மாமனார். நானும் மனைவியும் பார்க்கப் போனபோது காலை ஒன்பதரை இருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அப்படிப் படுத்துக் கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

"டாக்டர்கிட்ட போலாம், எழுந்துருடா" என்றேன்.

"எனுக்கு இன்னா மாமா கீது, டாக்டர்கிட்ட போவ? உங்களுக்கு சுகரு. ரத்தம் எடுத்தா தெரியுது. எனுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா படுத்துகினு கீறேன். நான் இருந்து இன்னா பிரயோஜனம்?"

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனைத் தனியாளாக ஆக்கியதில் எங்கள் பொய்க்கும் பங்கு இருந்தது. மாமனார், மாமியார், வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் அங்கேயே நின்றிருந்தார்கள். சொல்ல வேண்டாம் என்று மனைவி கண்ணைக் காட்டினாள்.

"எனுக்கு சுகர் இல்லடா. உனுக்கு கீறதுதான் எனுக்கும். மனசு வியாதி. நான் மாத்திரை முழுங்கறது அதுக்குத்தான்."

அவன் புரண்டு என்னைப் பார்த்தான்.

"சரியாப் போச்சா மாமா?"

இன்னொரு பொய் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. "இன்னும் இல்ல. பாதி நாள் தறியில உக்கார்றேன். பாதி நாள் முடியல."

நல்லதாக ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அவன் எழுந்து உட்கார்ந்தான். அங்கே போனால் என்ன கேட்பார்கள் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எத்தினி நாளா தூங்கலன்னு கேப்பாங்க. மாமாவ அதான் மொதல்ல கேட்டாங்க. போ, சட்டைய மாத்திகினு வா."