உப்புப் பார்த்த ஞாயிறு

கல்யாணம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் ஊர் வாயில் விழுந்தேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்காத காலம். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிறிஸ்தவ ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தேன். பூசையில் ஆண்டவரே அப்பமாக வரும் நற்கருணையை வாங்குவதை எங்கள் பக்கம் நன்மை வாங்குவது என்போம். அதற்குச் சனிக்கிழமை சாயங்காலமே சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட வேண்டும். நடுச்சாமத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் ஞாயிறு சேர்ந்து முழங்காலிட்டு நன்மை வாங்குவது அந்த ஊர் வழக்கம். அதைப் பார்ப்பதற்கென்றே சில பெண்கள் முன்னால் வந்து உட்காருவார்கள்.

அன்று பூசை முடிந்ததும் என் பிறந்த வீட்டார் சாப்பிட வருவதாக இருந்தது. விடியுமுன் எழுந்து கோழிக் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பழகிய கை. செய்தது எனக்கே தெரியாது.

கோயிலில் நன்மைக்கு மணி அடித்தபோதுதான் நாக்கில் காரம் உறைத்தது. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதித் தடுப்பருகே எனக்காக நின்றார். நான் எழவில்லை. குழம்பு நக்கிய வாயோடு ஆண்டவரை வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. சற்றுப் பார்த்துவிட்டு அவர் தனியாக முழங்காலிட்டார். எனக்காக விட்டிருந்த இடத்தில் கிராதியின் வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வருவதற்குள் கதை கட்டிவிட்டார்கள். “நேத்துத்தான பாவசங்கீர்த்தனம் பண்ணுனா? சாமிகிட்டயே எதையோ மறைச்சிருக்கா. என்னத்தப் பாத்துக் கட்டுனாகளோ!” என் காதுபடவே பேசினார்கள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார், நம்பினாரா, தெரியவில்லை. அத்தை நம்பவேயில்லை. “உப்புப் பாத்தது கூடவா தெரியாம இருக்கும்? ஊரு முன்னாடி என் மகன ஒத்தையில நிக்க வச்சிட்டியே ஆத்தா,” என்றார். வழியிலேயே கேள்விப்பட்டு வந்த என் அப்பா அந்தக் குழம்பைத் தொடாமல் மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். தப்பே செய்யாமல் அப்பா முன்னால் அப்படி நிற்கும்படி ஆகிவிட்டதே என்று புழுங்கினேன்.

அந்த வாரம் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போகவே கால் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் பருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை முருங்கைக்கீரை உருவியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தா, இப்ப என்ன செஞ்ச?” என்றார் திடீரென்று.

“ஒண்ணும் செய்யலயே அத்தை.”

“கையப் பாரு.”

உள்ளங்கையில் மஞ்சளாக ஈரம். அத்தை மறுபடி கீரையை உருவ ஆரம்பித்துவிட்டார்.

மறு ஞாயிறு விடியுமுன் அடுப்படிக்கு வந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, குழம்பைத் தன் உள்ளங்கையில் ஊற்றி நக்கினார்.

“அத்தை, நன்மை வாங்கணுமே!” என்று பதறினேன்.

“உப்பு சரியா இருக்கு. நீ போய் வாங்கு.”

ஒரு ஞாயிறுகூட நன்மை தவறாதவர் அவர். அன்று மணி அடித்தபோது முன்னால் சம்மணம் போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெண், “ஏன் மதினி, போகலயா?” என்று தோளைத் தொட்டாள்.

“குழம்புக்கு உப்புப் பாத்துட்டேன். எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு அதே வேலதான்,” என்றார் அத்தை, கோயில் என்றும் பாராமல். பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

நான் எழுந்துபோய் வீட்டுக்காரர் பக்கத்தில் முழங்காலிட்டேன். சாமியார் நெருங்கி வர வர, ஊர் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்பதுதான் என் மனதில் ஓடியது. நாக்கை நீட்டும்போதும் அதே நினைப்புத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்மையே அப்பமாகப் பிட்டுக் கொடுத்த ஆண்டவரை உள்ளபடி வாங்கியது அத்தைதான் என்று அப்போது எனக்கு உறைத்தது. என் நாக்கில் அப்பம் இன்னும் கரைந்திருக்கவில்லை.