எஸ்தரம்மா மறைக்காத மத்தியானம்

சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் வாசலிலேயே நின்று, "எஸ்தரம்மா போயிட்டாங்கப்பா" என்றார். கழுவிய குழாயையே திரும்பக் கழுவினேன். வேறென்ன செய்வது?

ஊரிகத்தில் டாக்டர் எஸ்தரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்கு அவர் கோபம் தெரியும். பிள்ளையில்லை என்று மருமகளை மட்டும் இழுத்துவரும் மாமியாரிடம், "உங்க மகனையும் கூட்டிக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். அந்த மகன்களின் விந்தைச் சோதிப்பது என் வேலை. தங்கச் சுரங்கத்தின் ஆழத்து லெவல்களில் உழைப்பவர்கள் பலருடையது அசையாமல் கிடக்கும். பாறைச் சூடுதான் காரணம் என்பார். மாரிகுப்பம் தாஸ் இதைக் கேட்டு முறைத்தபோது, "அடுப்புமேல வச்ச முட்டை குஞ்சு பொரிக்குமா, தாஸ்?" என்றார். தாஸின் மனைவி சாந்தாதான் முதலில் சிரித்தாள்.

அதிகாரியிடம் சண்டை போட்டு, தாஸைச் சில மாதங்களுக்குத் தரைமேல் வேலைக்கு மாற்ற வைத்தார். சாந்தா தினமும் எழுமுன் வாயில் தெர்மாமீட்டர் வைத்து, கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்கப் பழகினாள். அந்த நாள் வந்தபோது தரைமேல் வேலைத் தவணை முடிந்திருந்தது. தாஸ், சாந்தாவின் கருப்பைக்குள் செலுத்த விந்தைக் கொடுத்துவிட்டு, மத்தியான ஷிப்டுக்குச் சுரங்கக் குழியான ஷாப்ட்டில் கீழே இறங்கப் போனார்.

மைக்ராஸ்கோப் லென்ஸில் பார்த்தேன். கூட்டமாக ஓட்டம். கத்தலாம் போலிருந்தது. அப்போது தரை குலுங்கியது. நம் ஊருக்குப் பழகிய ஏர் பிளாஸ்ட்தான், ஆழத்தில் பாறை வெடிப்பது. கண்ணாடித் தகடுகள் தாமாகக் கிலுகிலுத்தன. பிறகு காக்கைகூடக் கத்தவில்லை. லென்ஸுக்கடியில் மட்டும் ஓட்டம் நிற்கவில்லை.

கம்பவுண்டர் டாக்டரிடம் ஓடிவந்தார். "தாஸ் இறங்கின ஷாப்ட்டுதாம்மா. ஆளுங்க மாட்டிக்கினாங்க."

சாந்தா அடுத்த அறையில் படுத்திருந்தாள். "முதல்ல உள்ள செலுத்திடலாம் டாக்டர், அப்புறம் சொல்லிக்கலாம். நேரமானா இது செத்துடும்" என்றேன்.

"படுத்திருக்கிறவகிட்ட மறைச்சுப் பண்ற வைத்தியம் எனக்குத் தெரியாது" என்று உள்ளே போனார்.

அழுகைச் சத்தம் வரவில்லை. சாந்தா எழுந்து நேரே என் மேசைக்கு வந்தாள். "நான் பாக்கணும்." ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல், உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னா வேகமா ஓடுறாரு" என்றாள். பிறகு, "போடுங்கம்மா. முடிச்சிட்டு ஷாப்ட்டாண்ட போறேன்."

தாஸின் உடலை மறுநாள்தான் மேலே கொண்டுவந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் உயிரோடு இருந்தாரா? எனக்கு இன்றும் தெரியாது.

கரு தங்கியது. செத்தவன் எப்படிப் பிள்ளை கொடுத்தான் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் கிசுகிசுத்தார்கள். சாந்தாவிடம் கேட்டுக்கொண்டு எஸ்தரம்மா நேரில் போய், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டு வந்தார்.

கோரமண்டல் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு மண் போட்டுத் திரும்புகையில் சாந்தாவின் மகள் என் சட்டையை இழுத்தாள்.

"எங்கப்பாவைக் கடைசியா பாத்தது நீங்களும் அம்மாவும்தானாமே?"

பேச்சை மாற்றத்தான் முதலில் வாய் வந்தது. ஆனால் எஸ்தரம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, கேட்டவரிடம் மறைக்காமல் சொல்வது.

"ஆமாம்மா" என்றேன். "நல்லா ஓடிக்கினு இருந்தாரு."