மாடியறையும் மந்திராலயமும்

கொச்சித் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எவ்வளவு பெரிய ஆபீஸாக இருந்தாலும் உண்மையில் முடிவெடுக்கிற ஆள் ஒருவர்தான் இருப்பார், மற்றதெல்லாம் மேஜை நாற்காலி என்பது என் சித்தாந்தம். அந்த ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தச் சித்தாந்தம் ஒரே ஓர் இடத்தில் மண்ணைக் கவ்வியது. அது இந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சகம்.

பாதுகாப்பு அமைச்சகத்தோடு எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எங்களுக்கு மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியின் மேற்குக் கோடியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் கடற்படைக்குச் சொந்தமான ஒரு வளாகத்தின் சுவர். கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து இங்கே வந்த நாள் முதல் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஊதும் பியூகிள் சத்தம் கேட்டால் பாலைக் காய்ச்ச எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்தது கிடையாது.

யோசிக்க வைத்தவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. பாலக்காட்டில் இருந்த தன் புருஷன் வீட்டை விட்டுவிட்டு ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. காரணம் சொல்லவில்லை, நாங்களும் குடையவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே படுக்கையறை. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் காலேஜ் படிக்கும் என் இரண்டு பையன்கள். அக்காவுக்குக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில். பேப்பர் போடுகிறவர் வருவதற்குள் எழுந்து அதை மடக்கிச் சுவரில் சாய்த்துவிடுவார். புடவை மாற்றக் குளியலறைதான். உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். நான் எத்தனையோ முறை எங்கள் அறைக்குக் கூப்பிட்டும் வந்ததில்லை. ஒரு வருஷம் இப்படியே ஓடிய பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்.

“மாடியில எனக்கு ஒரு முறி கெட்டிக்கறேன். செலவு என்னோடதாக்கும். சின்னது மதி. உள்ளேருந்து தாழ்ப்பாள் போடறமாதிரி ஒரு கதவு வேணும்.”

என் கணவர் வீட்டார் பேசும் தமிழில் முறி என்றால் அறை, மதி என்றால் போதும். வந்த புதிதில் ‘மதி, மதி’ என்று சாதத்தட்டுக்கு மேல் கையை ஆட்டியபோது எனக்குத்தான் மதி இல்லை என்று திட்டுகிறார்களோ என்று பயந்திருக்கிறேன்.

கார்ப்பரேஷன் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பக்கத்தில் பாதுகாப்புத் துறையின் இடம் இருப்பதால் அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொன்னார். “இவ்வளவுதானே?” என்றேன். என் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கலாம்.

வளாகத்தின் வாசலில் விவரம் சொல்லி, நாள் வாங்கி, ஓர் அதிகாரியைப் பார்த்தேன். ஹரியானாக்காரர், சின்ன வயது, வெள்ளைச் சீருடையில் ஒரு கசங்கல் இல்லை. சாயா கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபம் எதுவும் தெரியவில்லை மேடம். ஆனால் நான் இங்கே உள்ள ஆட்களுக்குத்தான் அதிகாரி, இந்த நிலத்துக்கு இல்லை” என்றார். நிலத்தைப் பார்த்துக்கொள்வது வேறோர் அலுவலகமாம். அங்கே சீருடை கிடையாது, எல்லாரும் சிவிலியன்கள். அங்கே போனேன். கொச்சிக்காரர், நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். “சேச்சி, நிலம் எங்களோடதுதான். ஆனா உங்க மாடியிலேருந்து உள்ளே பார்த்தா ஆபத்தா இல்லையான்னு நாங்க எப்படிச் சொல்ல? அது யூனிஃபார்ம்காரங்க சொல்லணும்” என்றார். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு கைகாட்டினார்கள். அது போதாதென்று எங்கள் வீட்டருகில் அந்தச் சுவர் வளைகிறது. சுவரிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கட்டக் கட்டுப்பாடு என்பது விதியாம், அந்தத் தூரத்தை எந்த முனையிலிருந்து அளப்பது என்பதில் சந்தேகம் வந்துவிட்டது. விதியை எழுதியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், அவர்களையே கேட்டுவிடுவோம் என்று காகிதத்தை மேலே அனுப்பினார்கள்.

அமைச்சகத்துக்கு மலையாளத்தில் மந்த்ராலயம் என்று பெயர். என் கணவர் மலையாளம் படித்தவர், அவர் வாயில் அதுதான் வரும். நானும் பழகிவிட்டேன். அம்மா கும்பகோணத்திலிருந்து போனில் “அந்த ரூம் என்னடி ஆச்சு?” என்று கேட்டபோது “பேப்பர் மந்திராலயத்துக்குப் போயிருக்கும்மா” என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “அங்கேயே வெச்சுப் பூஜை பண்ணச் சொல்லியிருக்கேளா? அப்போ கவலையே இல்லை” என்றாள். துங்கபத்திரைக் கரையில் இருக்கும் கோவில் ஊரை நினைத்துக்கொண்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. அந்த வாரத்திலிருந்து அம்மா எங்கள் மாடியறைக்காக வியாழக்கிழமைகளில் விரதம் இருக்க ஆரம்பித்தாள்.

மாதங்கள் போயின. டெல்லியில் அந்த ஒரு ஆள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவருக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருவர் அந்த அமைச்சகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று திருப்பூணித்துறையில் இருந்தார். அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அமைச்சகத்தைப் பற்றிக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிடையரானது உடம்பு மட்டும்தான்.

“மேலே மந்திரி. வோட்டு வாங்கி வந்தவர். பார்லிமென்டுல நின்னு பதில் சொல்ல வேண்டியது அவராக்கும். அவருக்குக் கீழே ஒரு செக்ரட்டரின்னு நினைச்சிண்டிருக்கேள். ஒண்ணில்லை. பல இலாகா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு செக்ரட்டரி. ஆயுதம் உண்டாக்க ஒண்ணு, ஆராய்ச்சிக்கு ஒண்ணு, ரிடையரான படைவீரர்களுக்கு ஒண்ணு.”

செக்ரட்டரி என்றால் எனக்கு எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரிதான் ஞாபகம் வருவார், ரசீதுப் புத்தகத்தோடு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

“அப்போ படைத் தளபதிகள்?”

“படையை நடத்தறது அவா. கப்பல் எங்கே போகணும், யார் எங்கே நிக்கணும், அதெல்லாம் அவா பாடு. ஆனா பணம், நிலம், புதுசா வாங்கறதுன்னு வந்தா அவா கேக்கணும், சிவிலியன்கள் ஆலோசிக்கணும், அப்புறம் மந்திரி. பெரிய சங்கதின்னா மந்திரியும் போறாது, கேபினெட். என் வேலை என்ன தெரியுமோ? ஃபைல்ல ‘எதுக்கு?’ன்னு எழுதறது. சர்வீஸ் பூரா அதைத்தான் எழுதினேன்.”

“இந்த ஏற்பாடு இன்னும் மாறவே இல்லையா?” என்றேன்.

மாமாவின் முகம் சுருங்கியது. “இப்போ முப்படைக்கும் பொதுவா ஒரு ஜெனரலைப் போட்டிருக்கா. அவரே ஒரு இலாகாவுக்குச் செக்ரட்டரியும். யூனிஃபார்ம் போட்டவர் செக்ரட்டரியா நேரா ஃபைல்ல எழுதறது! நல்லதுக்குத்தான்னு சொல்றா. எனக்கு இன்னும் ஜீரணமாகலை.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அதெல்லாம் சரி மாமா, எங்க ரூமுக்குச் சரின்னு யார்தான் சொல்லணும்?”

“எல்லாருமாக்கும்” என்றார், ஏதோ எனக்கு வரம் கொடுக்கிற மாதிரி.

திரும்பும்போது எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் வந்தோம். தேவராப் பக்கம் கப்பல்தளத்தின் கிரேன்கள் தெரிந்தன. நான் வழி முழுக்கப் பொரிந்து தள்ளினேன். ஒரு சின்ன அறைக்குச் சரி சொல்ல ஆளில்லாத அமைச்சகம் எப்படி நாட்டைக் காப்பாற்றும், எல்லாரும் கேள்வி கேட்டால் எவன்தான் பதில் சொல்வான் என்றெல்லாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சேட்டன் நான் யாரைத் திட்டுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

“எனக்கு அது பிடிச்சுதுடி.”

“எது?”

“மாமா சொன்னது. ஒரே ஆள் சொன்னா எல்லாம் நடக்கற எடத்திலேயாக்கும் நான் இத்தனை காலம் இருந்தேன். விளக்கை எப்போ அணைக்கணும், அம்மாவைப் பார்க்கப் போலாமா வேண்டாமா, எல்லாம் ஒரே ஆள். எதுக்குன்னு கேக்க அந்த வீட்டுல இன்னொரு மனுஷா இல்லை. நான் கேட்டா, அன்னிக்குப் பூரா பேச்சு கெடையாது. இங்கே பத்துப் பேர் கேக்கட்டும். கொஞ்சம் லேட்டாகும். அவ்வளவுதானே?”

வந்த நாளிலிருந்து அந்த வீட்டைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படகு கரை தட்டும்வரை அமைச்சகத்தைத் திட்டவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு டெல்லியிலிருந்து விளக்கம் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வீட்டை நேரில் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஹரியானாக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார், அவர் இடத்தில் வேறோர் அதிகாரி, கூடவே நில அலுவலகத்து நம்ம ஊர்க்காரர். மாடி ஏறினோம். நம்ம ஊர்க்காரர் டேப்பை வைத்து அளந்தார். அதிகாரி மேற்கே பார்த்தபடி நின்றார். நானும் முதல்முறையாக அந்தச் சுவருக்குள் ஒழுங்காகப் பார்த்தேன். தென்னை மரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் பனியன்கள். நாலைந்து பேர் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். இதற்காகவா இவ்வளவு என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது.

“இந்த அறையில் யார் இருக்கப் போகிறார்கள்?” என்று அதிகாரி கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

“ஞான்” என்றார் மலையாளத்தில். “ஒற்றைக்கு.”

தனியாக இருக்கப் போகிறார் என்று நம்ம ஊர்க்காரர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அதிகாரி அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சில வாரங்களில் சான்று வந்தது. அறை கட்டலாம், ஆனால் மேற்குப் பக்கம் ஜன்னலோ திறப்போ எதுவும் கூடாது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கொச்சியில் கடல்காற்று வருவதே மேற்கிலிருந்துதான். அந்தப் பக்கம் மூடினால் சித்திரை மாதத்தில் அது அறையா, அடுப்பா? இத்தனை நாளில் எந்தப் படிக்குமேல் எந்தப் படி என்று எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்து மேல்முறையீடு எழுத உட்கார்ந்துவிட்டேன். “அமைச்சகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துட்டியா?” என்று கணவர் கிண்டல் செய்தார். அவரையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டு எழுதினேன். மூன்றாவது பத்தி வரும்போது அக்கா பின்னால் வந்து நின்று படித்தார்.

“என்னைக் கேட்டாயோ?”

“எதைக்கா?”

“ஜன்னல் வேணுமான்னு. நீயும் ஒத்தை ஆளா தீர்மானிக்காதே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “காத்துக்கு ஃபேன் இருக்கு. எனக்குக் கதவு மதி.”

லேப்டாப்பை மூடினேன். கோபம் இறங்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்மாவிடம் அனுமதி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், விரதத்தை முடித்துக்கொண்டாள்.

கட்டி முடித்து, வெள்ளையடித்து, மடக்குக் கட்டிலைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு அக்கா மாடிக்குப் போனார். கதவு தேக்கு. மற்ற எதிலும் கை சுருக்கியவர் அதில் மட்டும் சுருக்கவில்லை. அவர் குடிபோன மறுநாள் எனக்கு லீவு. மத்தியானம் சாயா போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது. கை நிறையத் தம்ளர், முழங்கையால் தட்டினேன்.

“ஆரு?”

“நான்தான்கா. சாயா கொண்டு வந்திருக்கேன்.”

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை.

“இப்போ இல்லைடி. அப்புறம் வா.”

அவ்வளவுதான். உடம்பு சரியில்லாத குரல் இல்லை, அழுத குரலும் இல்லை. தூங்கி எழுந்தாரா, புடவை மாற்றிக்கொண்டிருந்தாரா, சும்மா படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் அந்தச் சாயாவை நானே குடித்தேன். வெகுநாளைக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.