கையில் ஒரு பல்பு

1940-களில் சிகாகோவின் தெற்குப் பக்கம். ஒரு குடும்பம் இருக்க வேண்டிய மாடியைப் பலகை அடித்து எட்டாக்கி, எட்டுக் கறுப்பர் குடும்பங்களை அடைத்திருந்தார்கள். குளியலறை ஒன்றுதான். அங்கே பல்பை விட்டுவந்தால் திரும்பக் கிடைக்காது. அதனால் காலையில் அவரவர் பல்பை அவரவரே கொண்டுபோய் வரிசையில் நிற்பார்கள். தபால் நிலையத்தில் மூட்டை தூக்கும் லூஷியஸ், லீவு நாட்களில் அந்த வரிசையைத்தான் படமாக வரைந்தார். படத்தில் முதலில் நின்றவள் பக்கத்து அறை வெர்லீன். தோளில் துண்டு, கையில் பல்பு.

கண்காட்சியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண் கலங்கினாள். "அந்த பல்பு நம்பிக்கையத்தானே சொல்லுது?"

"இல்லம்மா. விட்டுட்டு வந்தா களவு போயிரும்."

அவள் சிரித்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டாள். ஏரிக்கரையில் அவள் இருக்கும் தெருவில் கறுப்பர்களுக்கு வீடு விடுவதில்லை. படத்தை மாட்டிக் கொடுக்கப் போன லூஷியஸ் பார்த்தார்: ஆளில்லாத அறைகள் நான்கு. படத்துக்கு மேலே தனியாக ஒரு விளக்கு.

மறுநாள் காலை வரிசையில் நின்றபடி இதைச் சொன்னார். வெர்லீன் பல்பைக் கை மாற்றிக்கொண்டாள்.

"போகட்டும்ண்ணே. படத்துல இருக்கறவளுக்காவது அந்தத் தெருவுல இடம் குடுத்தாங்களே."